எழுத்து முந்தக் கூடாது

9 ஜூன் 2013, ஞாயிறு

காலை ஏழு மணிக்குச் சிவகாசி வந்து இறங்கினேன். பத்து நாள் லீவு. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கணேசனிடமும் சொல்லிவிட்டேன். அம்மா இறந்து இரண்டு வருடமாக அப்பா தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். கூட இருந்து நாலு நாள் வாய்க்கு ருசியாகச் செய்துபோடலாம் என்று வந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அழைப்பு மணியை அழுத்தினால் எங்கள் வீட்டில் சத்தம் வராது. கூடத்திலும் சமையலறையிலும் சிவப்பு பல்பு மினுக்கும். அப்பாவுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று, அதோடு பேச்சும் நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். பிறகு முப்பத்தெட்டு வருடம் ஆப்செட் அச்சகத்தில் கலர் பார்க்கிற வேலை. காலண்டர் சாமியின் கிரீடத்து மஞ்சள் நெற்றியில் ஒரு நூல் கசிந்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். முதலாளியே நின்றாலும் சரிதான்.

அப்பா கையால் சொல்வதை இந்த நோட்டில் பேச்சாகவே எழுதப்போகிறேன். எனக்கு அது பேச்சுதான்.

அவருக்கு ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். நடிகர் வேம்பையாவின் பழைய நகைச்சுவைப் படங்கள் ஐந்து. கீறல், புள்ளி எல்லாம் நீக்கிப் புதுப்பித்து டிவிடியாகப் போட்டிருக்கிறார்கள். ‘நான்கு படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் உண்டு’ என்று அட்டையில் இருந்தது. அதைப் படித்ததும் கடையிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கடை ஏசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

10 ஜூன்

மாவு அரைத்தேன். மேல் அலமாரியில் என் பைகளுக்கு இடம் ஒதுக்கினேன். மின்வெட்டு முடிந்து மூன்று மணிக்கு முதல் படம் போட்டோம், ‘பஞ்சவர்ண விலாஸ்’. வேம்பையா அதில் ஓட்டல் சர்வர்.

அப்பா அச்சகத்து லென்ஸை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார். வேம்பையாவின் வேட்டிக் கரையைத் தொட்டுக் காட்டினார். “முன்ன பார்த்தப்ப இதெல்லாம் மழை பெய்யிற மாதிரி இருந்துச்சு. எவனோ ஒவ்வொரு படமா உட்கார்ந்து துடைச்சிருக்கான். நல்ல வேலைக்காரன்.”

படம் முழுக்கப் பார்த்தார். கீழே ஓடும் எழுத்தையும் விடாமல் படித்தார். ஆனால் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நான் சிரித்துச் சிரித்து அவர் முகத்தைப் பார்த்ததுதான் மிச்சம்.

11 ஜூன்

காலையில் காபியோடு ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அவருடைய குண்டு குண்டு எழுத்தில்: ‘எழுத்து முந்துகிறது.’

புரியவில்லை என்றேன். டிவிடியைப் போட்டு ஒரு காட்சியைக் காட்டினார். ஓட்டல் முதலாளி கேட்கிறார், சாப்பிட்டுப் போனவர் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று. வேம்பையா “சொன்னாரு முதலாளி” என்கிறார். மேஜையைத் துடைக்கிறார். துணியைப் பிழிகிறார். தோளில் போடுகிறார். அப்புறம்தான் “டாக்டர்கிட்ட” என்கிறார். திரையிலோ முதலாளி கேட்ட உடனே ‘சொன்னாரு முதலாளி, டாக்டர்கிட்ட’ என்று முழுசாக வந்து நிற்கிறது.

“அவர் இன்னும் வாயே திறக்கல. எழுத்து சிரிச்சு முடிச்சிருச்சு” என்றார் அப்பா. “அவர் துணி பிழியிற வரைக்கும் நான் என்ன செய்யிறது? அச்சுல மஞ்சள் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் விழுந்த மாதிரி இருக்கு. இது ரெண்டா வெட்ட வேண்டிய வரி.”

கேபிளில் போடும்போதெல்லாம் பதினோரு வருடமாக இந்தப் படத்தைக் கணேசனோடு பார்த்திருக்கிறேன். கணேசனுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம். அவருக்குக்கூட இது தோன்றியிருக்காது.

13 ஜூன்

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. துணி காயவில்லை. இரண்டாவது படம்.

17 ஜூன்

நாலு படமும் முடிந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தார். பழைய டயரியில் நேரம் போட்டு எழுதியிருக்கிறார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இடம். எழுத்து முந்தியது, பிந்தியது, யார் பேசுவது என்று தெரியாதது. ஓர் இடத்தில் எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்புகிறார்கள். “எதுக்குத் திரும்புறாங்க?” என்றார். பின்கட்டில் அண்டா உருண்ட சத்தம் என்று சொன்னேன். “அதையும் எழுதணுமில்ல? எனக்கு இவங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல கழுத்து சுளுக்கினது மாதிரி இருக்கு.”

எல்லாவற்றையும் கடிதமாக எழுதச் சொன்னார். சென்னையில் இருக்கும் அந்த டிவிடி கம்பெனிக்கு ஆறு பக்கம் எழுதினேன். முதல் வரி அப்பா சொன்னது: ‘உங்கள் படச்சுத்தம் முதல் தரம். எழுத்து வேலை அதற்குச் சமமாக இல்லை.’ இவ்வளவு கறாராக வேண்டாமே என்றேன். “வேலை நல்லாருக்குன்னு முதல்ல சொல்லிட்டேன்ல” என்றார்.

20 ஜூன்

லீவை நீட்டித்திருக்கிறேன். ராஜகனி அத்தை வந்திருந்தார்கள், அப்பாவின் தங்கச்சி. அரை கிலோ சேவும், வந்தால் கேட்பதற்கு நாலு கேள்வியும் எப்போதும் கையில் இருக்கும்.

“ஏ மாரி, பள்ளிக்கூடம் தொறக்குற நேரத்துல உனக்கு எவன் லீவு குடுத்தான்?”

“குடுத்தாங்க அத்தே.”

“மாப்பிள்ள போன் பண்ணாரா?”

“பண்றாரு.”

“புள்ளகுட்டி இல்லாத வீடு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருந்தான். அவுகளுக்கு யாரு பொங்கிப் போடுறா?”

“ஓட்டல் இருக்கு அத்தே.”

அத்தை அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சேவைத் தின்றுகொண்டு எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

28 ஜூன்

சென்னையிலிருந்து போன். தீபலட்சுமி என்று ஒரு பெண். அந்த டிவிடிகளுக்கு அவர்தான் பொறுப்பாம்.

“மேடம், அந்த லெட்டர் எழுதினது யாரு?”

பயந்துவிட்டேன். “எங்கப்பா. அவருக்குக் காது கேக்காது. தப்பா எதுவும் எழுதியிருந்தா…”

“தப்பா? மேடம், எங்க ஆபீஸ்ல அதைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். இத்தனை பேரு வாங்கினாங்க, சூப்பர்னு சொன்னாங்க. படிச்சுப் பார்த்து ஒருத்தர்கூட இதைச் சொல்லல. சாரோட பேரு என்ன?”

“அய்யாத்துரை. சொ. அய்யாத்துரை.” இனிஷியலோடு சொன்னேன். அது ஏனோ தெரியவில்லை.

இரண்டாம் பதிப்பு வருகிறதாம். அப்பா சொன்ன நூற்றுப் பன்னிரண்டையும் திருத்துகிறார்களாம். ஐந்தாவது படத்துக்கு இதுவரை தமிழ் எழுத்தே இல்லை. அதை அப்பாவும் நானும் சேர்ந்து செய்து தர முடியுமா என்று கேட்டார். படத்தை நேரக் கணக்கோடு அனுப்புவார்களாம். எங்கே வெட்டுவது, எப்போது காட்டுவது என்பது அப்பா பாடு. கேட்டுத் தட்டச்சு செய்வது என் பாடு.

அப்பாவிடம் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே போய் வேலைக்குப் போன காலத்தில் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இன்னும் அனுப்பலப்பா” என்றேன்.

“அனுப்பினா போடுறதுக்கு அயர்ன் சரியா இருக்கான்னு பார்த்தேன்” என்றார்.

6 ஜூலை

ஐந்தாவது படம் ‘வாடகைக் குதிரை’. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் மூன்று தடவை தியேட்டரில் பார்த்த படம். வேம்பையா ஒரு குதிரையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நான்தான் ஜமீன் மாப்பிள்ளை என்று ஊரை ஏமாற்றுகிறார்.

அம்மாவுக்கு நன்றாகக் காது கேட்கும், ஊருக்கே கேட்கும்படி பேசவும் வரும். தியேட்டரில் எப்போதும் கடைசி வரிசைதான் கேட்பாளாம். திரை வெளிச்சத்தில் அப்பாவின் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு வசனம் முழுக்கச் சொல்வாளாம். முன்வரிசையில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள், அதனால்தான்.

“இந்தப் படம் எனக்கு மனப்பாடம்” என்றார் அப்பா. “ஆனா அம்மா சொன்ன மாதிரிதான் மனப்பாடம். படத்துல என்ன இருக்குன்னு இப்பத்தான் தெரியப்போகுது.”

12 ஜூலை

தினமும் மூன்றிலிருந்து ஆறு வரை என் லேப்டாப்பில் வேலை. ஒரு நாளைக்கு எட்டு நிமிடப் படம் நகர்ந்தால் பெரிது.

இன்று குதிரை. வேம்பையா கதாநாயகியைப் பார்த்துப் பாட ஆரம்பிக்கிறார், வெளியே குதிரை கனைக்கிறது. ‘குதிரை கனைக்கிறது’ என்று அடித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“பாட்டுப் பிடிச்சுக் கனைச்சுதா, பிடிக்காமக் கனைச்சுதா?”

திரும்பப் போட்டுக் கேட்டேன். “பிடிக்காமத்தான்.”

“எப்படித் தெரியும்?”

“கொஞ்சம் இழுத்து… சலிச்சுக்கிட்ட மாதிரி.”

“அப்ப அதை எழுது. சலிச்சுக்கிட்டாத்தான சிரிப்பு?”

‘குதிரை சலிப்போடு கனைக்கிறது’ என்று போட்டோம். ஓட விட்டுப் பார்த்தார். அப்படி விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். “எங்கப்பா வேலை பாக்குறாரு” என்றேன். வேலை என்று சொன்னது எனக்கே பிடித்திருந்தது.

19 ஜூலை

கணேசனின் போனை எடுக்கவில்லை. சார்ஜ் இல்லை.

24 ஜூலை

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும்.

ஜமீன் பங்களா வாசலில் ஒரு செவிட்டுக் காவல்காரன் வருகிற காட்சி. நேற்றே தனியாக ஓடவிட்டுக் கேட்டிருந்தேன். வேம்பையா “ஜமீன்தார் இருக்காரா?” என்று கேட்கிறார். காவல்காரன் “சாப்பிட்டாச்சுங்க” என்கிறான். வேம்பையா நண்பன் பக்கம் திரும்பி, “செவிட்டுப் பய. ஆண்டவன் காதை மூடும்போது கையோட அறிவையும் பூட்டிட்டான்” என்கிறார். பிறகு வாயைக் கோணிக்கொண்டு அந்த ஆள் பேசுவதுபோலவே ‘பே, பே’ என்கிறார். நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

இன்று மதியம் அதை நான் வேறு மாதிரி அடித்தேன். ‘இவன் மீசைதான் காவல் காக்கிறது, இவன் தூங்குகிறான்’ என்று. காவல்காரனுக்குப் பெரிய மீசை இருக்கிறது. பொருந்தத்தான் செய்தது.

அப்பா படித்தார். ஓடவிடச் சொன்னார். மறுபடியும் ஓடவிடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்க அம்மாவும் இதே இடத்துல மீசைன்னுதான் சொன்னா.”

அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தோன்றியதும் அவளுக்குத் தோன்றியதும் ஒன்றாக இருந்திருக்கிறது.

“மூணு தடவை பார்த்தோம். மூணு தடவையும் மீசை. நான் ஒண்ணும் சொல்லல. ‘செவிடு’ங்கற அந்த ஒரு வார்த்தை மட்டும் எந்த வாயில வந்தாலும் எனக்குத் தெரியும் மாரி. வீதியில தெரியும், அச்சகத்துல தெரியும், சினிமாவுல தெரியாதா?”

“உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு…”

“அம்மா எனக்கு மட்டும் சொன்னா. அது புருசன் பொண்டாட்டி விசயம். நீ எழுதுறது ஊருக்கு. என்னை மாதிரி எத்தனை பேரு படிக்கப்போறாங்க. படத்துல அவன் என்ன சொன்னான்னு அவங்க தெரிஞ்சுக்க வேண்டாம்னு முடிவு பண்ண நீ யாரு? அவன் பேசினதை அவன் வாயிலயே போடு. வெக்கப்படணும்னா அவன் படட்டும்.”

அழித்துவிட்டு உள்ளபடி அடித்தேன். ‘செவிட்டுப் பய’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அப்பா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பே, பே’ என்பதற்கு என்ன போடுவது என்று கேட்டேன். ‘காவல்காரனைப் போலப் பேசிக் காட்டுகிறார்’ என்று போடச் சொன்னார்.

அப்போதுதான் என்னையறியாமல் வந்துவிட்டது. “கணேசனும் இதைச் செய்வாருப்பா” என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்காமல் மிச்சத்தையும் சொன்னேன். கணேசனின் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போதும் இது உண்டு. ‘மாமனார் மாதிரி செய்யிடா’ என்பார்கள். அப்பா சிரிக்கிற சத்தம், என்னைக் கூப்பிடுகிற சத்தம், எல்லாம் செய்வார். மே மாதக் கடைசியிலும் செய்தார். நான் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்து வைத்தேன்.

அப்பா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“நல்லாச் செய்வாரா?”

“ம்.”

“நீ சிரிச்சியா?”

“சிரிச்சேன்.”

“எத்தனை வருசம்?”

“பதினோரு வருசம்.”

எழுந்து கொல்லைக்குப் போனார். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினார். செம்பருத்திக்கு ஊற்றினார். ஏற்கெனவே ஊற்றிய முருங்கைக்கு மறுபடியும் ஊற்றினார். திரும்பி வந்து நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பத்து நாளைக்கு வர்றவ சர்ட்டிபிகேட் ஃபைலும் கம்பளிச் சட்டையும் கொண்டுவர மாட்டா. வந்த அன்னிக்கே அலமாரியில பார்த்துட்டேன். அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன். இப்பச் சொல்லிட்டே.” கையை உதறிக்கொண்டார். “அடுத்த வரி என்ன?”

25 ஜூலை

ஐந்து நிமிடம்தான் நகர்ந்தது. கண் எரிச்சல். வெங்காயம் நறுக்கினேன்.

3 ஆகஸ்ட்

கோயம்புத்தூர்ப் பள்ளிக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினேன். தபால் நிலையத்தில் கூட்டமே இல்லை. திரும்பும்போது அப்பாவுக்குப் பால்கோவா வாங்கி வந்தேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சிவப்பு பல்பு மினுக்கியது. கதவைத் திறந்தால் கணேசன். இளைத்திருந்தார்.

“மாமா! எப்படி இருக்கீங்க?” என்று கத்தினார். அப்பாவிடம் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அப்பா கும்பிட்டு உட்காரச் சொன்னார். நான் காபி போட்டேன்.

கணேசன் காபியைக் குடிக்காமல் டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தார். “வீட்டுக்கு வா மாரி. நாலு பேரு கேக்குறாங்க. நான் என்ன அடிச்சேனா, குடிச்சேனா? ஏதோ தமாசு.”

அப்பா என் தோளைத் தொட்டார். “நான் கேக்குறதை அப்படியே சொல்லு” என்றார். சொன்னேன்.

“அப்பா கேக்குறாரு. ‘மாப்பிள்ளை, நீங்க என்னை மாதிரி நல்லாப் பேசுவீங்களாம். நாலு வயசுக்கு அப்புறம் என் குரல் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது. செஞ்சு காட்டுங்க. காதுதான் கேக்காது, முகத்தையாவது பாக்கிறேன்.’”

அப்பா நாற்காலியைக் கணேசனுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. படம் ஆரம்பிக்கக் காத்திருப்பவர் மாதிரி, மரியாதையாக.

கணேசன் என் பக்கம் திரும்பினார். “என்ன மாரி இதெல்லாம்? ஏன் இவர்கிட்டப் போய்ச் சொன்னே?”

“என்னைப் பாக்காதீங்க. கேட்டது அப்பா. அவரைப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

வாசலில் வைத்து மெதுவாகக் கேட்டார். “எப்ப வருவே?”

“எனக்கு வேலை இருக்குங்க.”

“முடிஞ்சதும்?”

“பதினோரு வருசமா எங்கப்பா கையில பேசுற ஒரு வார்த்தையக்கூட நீங்க கத்துக்கல. அவர் சத்தத்தை மட்டும் கத்துக்கிட்டீங்க. முதல்ல அதைக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறமா உக்காந்து பேசலாம்.”

படியிறங்கினார். அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். “எதுக்கு?” என்றேன். “வீட்டுக்கு வந்தவர்” என்றார்.

மாலையில் பதினொரு நிமிடப் படம் முடித்தோம். இதுவரை செய்ததிலேயே அதிகம்.

22 ஆகஸ்ட்

முழுப்படமும் அனுப்பியாயிற்று. ஆயிரத்து நானூற்று ஆறு வரிகள். அப்பா கடைசி நிமிடம் வரை நாற்பது வரியைத் திருப்பித் திருப்பி வெட்டினார். தீபலட்சுமி கேட்டார், “கடைசியில உங்க ரெண்டு பேர் பேரும் வரும். எப்படிப் போடணும் மேடம்?”

‘சொ. அய்யாத்துரை, அ. மாரீஸ்வரி’ என்று சொன்னேன். ஆதார் அட்டையில் இருப்பது மாரீஸ்வரி கணேசன்தான். திரையில் இடம் குறைவு, சின்னப் பெயராக இருந்தால் நல்லது.

16 செப்டம்பர்

புதுப் பெட்டி கூரியரில் வந்தது. அப்பா அட்டையின் அச்சை லென்ஸ் வைத்து நாலு மூலையும் பார்த்துவிட்டு, “பரவாயில்ல” என்றார். அவர் வாயிலிருந்து, இல்லை, கையிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் பார்த்ததில்லை.

ராஜகனி அத்தை வந்து கடைசியில் பெயர் வருகிற இடத்தை ஏழு தடவை போடச் சொன்னார்கள். “எங்க அண்ணன் பேரு சினிமாவுல! வாடகைக் குதிரையில!” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒம் பேரும் நல்லாத்தான் இருக்கு. அந்த அ-னா நல்லா எடுப்பா விழுந்திருக்கு” என்றார்கள். கணேசனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. சேவு எடுத்து வைத்தேன்.

29 செப்டம்பர், ஞாயிறு

மதுரையிலிருந்து சாயங்காலமே திரும்பிவிட்டோம். அப்பா அசந்து படுத்திருக்கிறார். ஒன்று விடாமல் எழுதவேண்டும்.

காது கேளாதோர் சங்கத்தின் வருட விழா. காலையில் ‘வாடகைக் குதிரை’ போட்டார்கள். மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். கையால் பேசிக்கொண்டே இருந்தவர்கள் படம் தொடங்கியதும் கையை நிறுத்தினார்கள். குதிரை சலிப்போடு கனைத்த இடத்தில் மண்டபமே குலுங்கியது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையையே பார்க்கவில்லை. பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அச்சடித்த தாளைப் பார்க்கிறமாதிரி ஜனங்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவல்காரன் காட்சி வந்தது. ‘செவிட்டுப் பய’ என்று எழுத்து வந்தது. யாரும் அசையவில்லை. வேம்பையா வாயைக் கோணிக் காட்டினார். அப்போது முன்வரிசையிலிருந்து பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இரண்டே கை அசைவு: “பாவம், இவருக்கு வாயைத் தவிர வேற எதுவும் வேலை செய்யல போலிருக்கு.” படத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் வந்தது. அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

படம் முடிந்து அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் காது கேட்கிற விருந்தினர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அப்பாவோடு ஒரு மேடையில் நான் நிற்பது இதுதான் முதல் தடவை. அவர் இவ்வளவு உயரம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

சங்கத்துச் செயலாளர் கையால் கேட்டார். “இந்த வேலையில ரொம்பக் கஷ்டமான இடம் எது?”

அப்பா யோசித்தார். “வேம்பையா வேகமாப் பேசுவாரு, அது கஷ்டமில்ல. பாட்டு கஷ்டமில்ல. குதிரையும் கஷ்டமில்ல.” என்னைப் பார்த்தார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார். “என் மக பொய் எழுதாம இருக்கப் பக்கத்துலயே காவல் உக்காந்தேனே, அதுதான் கஷ்டம்.”

முந்நூறு பேரும் சிரித்தார்கள். மேடையிலிருந்த விருந்தினர்கள் என்னவென்று தெரியாமல் என் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் மைக்கில் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அதில் ஒரு பெரியவர், “அது சரி, நீங்க யாரும்மா?” என்று கேட்டார்.

“பொய் எழுதின மக நான்தாங்க” என்றேன்.

அப்பா, என்ன சொன்னாய் என்று கேட்டார். கையால் சொன்னேன். அப்படியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், அடிவயிற்றிலிருந்து, அவருடைய சொந்தச் சத்தத்தில். மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் மண்டபத்து ஸ்பீக்கர் அத்தனையிலும் போய் வாசல் வரைக்கும் கேட்டது. விருந்தினர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மைக்கை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தேன்.